ஆரணி ரோடு லாட்ஜில் இரண்டு மலையாளிகள்

1

போன வாரம் என் மகள் அனிதாவின் வகுப்பாசிரியை தொலைபேசியில் கூப்பிட்டார். கொலோன் நகரத்துக்குப் பக்கத்தில் நாங்கள் இருக்கும் இந்தச் சிற்றூரில் ஆசிரியை வீட்டுக்குப் போன் செய்கிறார் என்றால், பிள்ளை எங்கேயாவது விழுந்திருக்க வேண்டும், இல்லை யாரையாவது தள்ளிவிட்டிருக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் காலை டியூட்டி முடித்து அப்போதுதான் உள்ளே நுழைந்திருந்தேன். கோட்டைக்கூடக் கழற்றாமல் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"பயப்பட ஒன்றுமில்லை. கோடை விடுமுறையில் தங்கிய இடத்தைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னேன். உங்கள் மகளுக்குக் கற்பனை கொஞ்சம் அதிகமோ என்று ஒரு சந்தேகம்" என்றார்.

மற்றப் பிள்ளைகள் இத்தாலிக் கடற்கரை, ஆஸ்திரியா ஏரி என்று எழுதியிருக்கிறார்கள். அனிதா எழுதியது இது: ஊருக்கு வெளியே ஓர் ஓட்டல். குழாயில் காலையில் ஒரு மணி நேரம் மட்டும் தண்ணீர். ஜன்னலைத் திறந்தால் மலைபோல லாரி டயர். அப்பாவைப் பார்க்க ஒரு போலீஸ்காரர் வந்தார். இரண்டு கட்டில் போட்ட அறையில் பதினொரு பேர் உட்கார்ந்து ஒரு பெரிய பழத்தைத் தின்றோம். உலகத்திலேயே நல்ல ஓட்டல் அதுதான்.

"பதினொரு பேர் என்பது உண்மையில்லைதானே?" என்று ஆசிரியை கேட்டார்.

"இல்லை. பதினான்கு பேர். கட்டிலுக்கு அந்தப் பக்கம் தரையில் இருந்தவர்களை அவள் எண்ணவில்லை" என்றேன்.

பதினான்கு என்று மறுமுனையில் எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது. பிறகு "மிகவும் சுவாரஸ்யம்" என்று சொல்லி வைத்துவிட்டார். மீதியை அவருக்குச் சொல்ல என் ஜெர்மன் போதாது. பதினான்கு வருஷமாகப் பேசுகிறேன். "மூச்சை இழுங்கள், விடுங்கள்" என்று நோயாளியிடம் சொல்ல அது தாராளமாகப் போதும். அண்ணன் தங்கை சண்டையைச் சொல்ல வராது. அதனால் தமிழில் எழுதுகிறேன். ஊரில் இருக்கிற நீங்களாவது படியுங்கள்.

2

நான் ஜவ்வாது மலைக்காரி. சந்தவாசலில் பஸ்ஸைவிட்டு இறங்கி மலையைப் பார்த்து நடந்தால், கால் வலி எடுத்து, அது மரத்துப்போய், மறுபடியும் வலி எடுக்கும் இடத்தில் எங்கள் ஊர். சாமையும் கேழ்வரகும் விளையும். புளிய மரமும் பலா மரமும் தாமாகக் காய்க்கும். என் பெயர் குப்பம்மாள். அண்ணனுக்கும் எனக்கும் நடுவில் பிறந்த இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. அதனால் என்னைக் குப்பைமேட்டில் ஒரு நிமிஷம் கிடத்தி, எடுத்து, அந்தப் பெயரை வைத்தார்கள். எமன்கூடக் குப்பையைத் தொடமாட்டான் என்று நம்பிக்கை. அது பலித்திருக்கிறது, பாருங்கள்.

எங்கள் சாதிக்கு மலையாளி என்று பெயர். மலையில் இருப்பவர்கள் என்று மட்டும்தான் அதற்கு அர்த்தம். கேரளாவுக்கும் எங்களுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. மலையாளத்தில் ஒரு வார்த்தை எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாது. ஆனால் இதை மலைக்குக் கீழே இருப்பவர்களுக்குப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். மலைப் பள்ளிக்கூடத்தில் தங்கிப் படித்து, கீழே நர்ஸ் படிப்பு முடித்து, எழுபதாம் வருஷம் ஜெர்மனிக்கு வந்து இறங்கினேன். நர்ஸ் விடுதியில் எனக்கு முன்னால் வந்த ஏழு கேரளத்துப் பெண்கள் இருந்தார்கள். என் காகிதத்தை எட்டிப் பார்த்த ஒருத்தி, "மலையாளியாணோ?" என்று கேட்டாள். "ஆமாம்" என்றேன். அவ்வளவுதான். ஏழு பேரும் சூழ்ந்துகொண்டு ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். நான் முழித்தேன். அதிர்ச்சியில் பெண்ணுக்குப் பேச்சு போய்விட்டது என்று ஒருத்தி எனக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

மலையாளியாகப் பிறந்து, மலையாளத்தை ஜெர்மனியில் போய்க் கற்றுக்கொண்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். கற்றுக்கொண்டதன் பலன், அதே ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்த கோட்டயத்து ஜோசப்போடு பேச முடிந்தது. பேசிப் பேசி, நான்கு வருஷத்தில் கல்யாணம் செய்துகொள்வது என்று முடிவாயிற்று.

அண்ணனுக்குக் கடிதம் எழுத வேண்டும். அப்பா அம்மா இரண்டு பேரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். என்னை வளர்த்து, மலை இறக்கிப் படிக்க அனுப்பியது அண்ணன்தான். அண்ணன் பெயர் வெள்ளையன். மூன்று தாள் எழுதிக் கிழித்தேன். நான்காவது தாளில் இப்படி எழுதினேன்: "அண்ணே, இங்கே எனக்கு ஒரு மலையாளி மாப்பிள்ளை அமைந்திருக்கிறார். ஆஸ்பத்திரியிலேயே வேலை. நல்ல குணம். நீ சந்தோஷப்படுவாய் என்று நம்புகிறேன்." பெயரை எழுதவில்லை.

அண்ணனுக்கு அப்போது படிக்கத் தெரியாது. மலைப் பள்ளிக்கூடத்து வாத்தியார் படித்துக் காட்டியிருக்கிறார். அண்ணன் குதித்திருக்கிறான். ஏழு கடல் தாண்டிப் போயும் தங்கச்சி நம்ம சனத்திலேயே ஒருத்தனைப் பிடித்துவிட்டாளே! கிடா வெட்டி, ஊர்க் கவுண்டரிலிருந்து கைப்பிள்ளை வரைக்கும் சோறு போட்டிருக்கிறான். பையன் எந்த ஊர் என்று கேட்டவர்களுக்கெல்லாம், "மலைக்கு அந்தாண்ட, புதூர்நாட்டுப் பக்கமா இருக்கும், அங்கதான் படிச்ச பசங்க ஜாஸ்தி" என்று அவனே ஊரும் கொடுத்திருக்கிறான்.

இரண்டு மாதம் கழித்துக் கல்யாணப் புகைப்படம் அனுப்பினேன். பனியில் கோட்டுப் போட்டு மீசையோடு நிற்கும் ஜோசப். பின்புறம் எங்கள் இரண்டு பேர் பெயரும். புதூர்நாட்டில் எந்த வீட்டில் ஜோசப் என்று பெயர் வைப்பார்கள்?

வாத்தியார் கையெழுத்தில் ஒரு கார்டு வந்தது. மூன்றே வரி. "நீ எழுதினது பொய் இல்ல. நெஜமும் இல்ல. இனிமே எழுதாத."

அதற்குப் பிறகும் ஒவ்வொரு பொங்கலுக்கும் எழுதினேன். பத்து வருஷம் பதில் இல்லை.

3

இதற்கு நடுவில் ஜோசப் ஜெர்மன் குடிமகன் ஆனார். அவரோடு சேர்த்து அனிதாவும் ஆனாள். நானும் விண்ணப்பம் கொடுத்தேன். நகராட்சி அலுவலகத்தில் கண்ணாடி போட்ட அதிகாரி ஒருவர் என் கோப்பைப் புரட்டினார்.

"பிறப்புச் சான்றிதழ்?"

"கிடையாது. நான் மலையில், வீட்டில் பிறந்தேன்."

"பிறந்தீர்கள் என்பதற்கு அத்தாட்சி?"

"நான்தான்."

அவர் சிரிக்கவில்லை. ஜெர்மனியில் ஆளைக் காட்டிலும் காகிதத்துக்கு மரியாதை அதிகம். காகிதத்துக்குத் தலைவலி வந்தால் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுவார்கள். அதனால்தான் இந்தக் கோடை விடுமுறைக்கு மூன்று பேரும் விமானம் ஏறினோம். கோட்டயத்தில் ஜோசப்பின் வீட்டில் இரண்டு வாரம் இருந்துவிட்டு வேலூர் வந்தோம்.

வேலூரில் ஆஸ்பத்திரிப் பக்கத்து லாட்ஜ்கள் எல்லாம் நோயாளிகளும் உறவுக்காரர்களுமாக நிரம்பி வழிந்தன. ஆட்டோக்காரர் எங்களை ஊருக்கு வெளியே, ஆரணி ரோட்டில் இறக்கிவிட்டார். இரண்டு மாடிக் கட்டடம். பக்கத்தில் லாரி டயருக்குப் பட்டை ஒட்டும் கடை. பெயர்ப்பலகையில் பாதி எழுத்து வெயிலில் போய்விட்டிருந்தது. ஆனால் வாசலிலேயே பஸ் நிற்கும். கண்ணமங்கலம், சந்தவாசல் போகிற பஸ்ஸெல்லாம் அந்த வழிதான். அண்ணன் மலையிலிருந்து வருவதாக இருந்தால் இந்த வாசலில்தான் இறங்கியாக வேண்டும். எனக்கு அது போதும்.

மேனேஜர் ஒரு நாயுடு. சட்டைப் பையில் நாலு பேனா வைத்திருப்பார், மூன்று எழுதாது. எங்கள் பாஸ்போர்ட்டுகளை வாங்கிப் பார்த்தவர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

"இன்னாங்க மேடம் இது? நீங்க இந்தியா. சாரும் பாப்பாவும் ஃபாரினா? அப்ப சி ஃபாரம் எழுதணுமே! இருபது வருசமா டிராயர்ல கீது. எழுத ஒருத்தரும் வரல."

தூசி தட்டி எடுத்தார். வெளிநாட்டுக்காரர் தங்கினால் போலீஸ் ஸ்டேஷனுக்குத் தகவல் தர வேண்டிய படிவம் அது. மறுநாள் காலை ஒரு போலீஸ்காரர் சைக்கிளில் வந்து எங்கள் கதவைத் தட்டினார். ஜோசப் லுங்கியும் பனியனுமாக, கையில் வாளியோடு திறந்தார்.

"ஃபாரின்காரரு எங்க?"

"ஞான்தன்னெ" என்றார் ஜோசப்.

போலீஸ்காரர் அவர் தோளுக்கு மேல் எட்டி அறைக்குள் தேடினார். உள்ளே நானும், இரட்டைச் சடையோடு அனிதாவும். அவர் முகத்தில் வந்த ஏமாற்றத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. தண்ணீர் நிற்பதற்குள் பிடிக்க வேண்டும் என்று சொல்லி ஜோசப் அவரைத் தாண்டி ஓடினார். போலீஸ்காரர் படிவத்தில் ஒரு டிக் அடித்துவிட்டு, "மலையாளத்தான் செவ்வாய் கிரகத்துக்குப் போனாலும் டீக்கடை வெச்சிடுவான்" என்று நாயுடுவிடம் சொல்லிக்கொண்டே போனார்.

4

பிறப்புச் சான்றிதழ் கொடுக்கும் வேலூர் அலுவலகத்தில் எழுத்தர் கறாராகப் பேசினாலும் நல்லவர். என் பள்ளிச் சான்றிதழையும் பாஸ்போர்ட்டையும் பார்த்துவிட்டு, பிறப்பைப் பதிவு செய்யாமல் விட்டதால் உறவுக்காரர் நேரில் வந்து சாட்சி சொல்ல வேண்டும் என்றார்.

"அப்பா அம்மா இல்லீங்க."

"கூடப் பொறந்தவங்க?"

"அண்ணன் இருக்காரு."

"அப்புறம் இன்னாமா? இட்டுனு வாங்க. இவ என் தங்கச்சின்னு ஒரு வார்த்த சொல்லட்டும், கையெழுத்து போடட்டும். முடிஞ்சுது."

முடிந்தது என்று அவர் சொன்ன இடத்தில்தான் எனக்குச் சிக்கல் ஆரம்பித்தது. பத்து வருஷமாக என்னைத் தங்கச்சி என்று சொல்லாத மனிதன் கவர்மெண்ட்டு மேசைக்கு முன்னால் வந்து சொல்ல வேண்டும்.

அன்று மதியமே சந்தவாசலுக்குப் பஸ் ஏறினேன். மலைக்காரர்கள் புளியைப் போட்டுவிட்டு உப்பும் துணியும் வாங்கிப்போகும் கடை ஒன்று அங்கே உண்டு. கடைக்காரரிடம் என்னை யார் என்று சொன்னேன்.

"அட, ஜெர்மனி குப்புவா!" என்றார். அந்தப் பெயரில் நான் அங்கே பிரபலம் என்று அப்போதுதான் தெரிந்தது. "வெள்ளையன் போன சந்தைக்கு வந்தானே. நீ மேல போவலியா?"

"இல்லீங்க. நாளைக்கு மேல போற யார்கிட்டயாச்சும் சொல்லி அனுப்புங்க. குப்பு வந்திருக்கா, ஆபீசுல சாட்சி வேணும், ஆரணி ரோடு லாட்ஜுல இருக்கான்னு."

மலைப் பாதை கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. ஏறியிருக்கலாம். அண்ணன் கதவைச் சாத்தினால் என்னால் தாங்க முடியும். அனிதாவை அழைத்துப் போய், அவள் பார்க்கச் சாத்தினால் தாங்க முடியாது. அவளை விட்டுவிட்டு நான் மட்டும் போனால் அது ஒளித்து வைத்தது போல ஆகும். ஏற்கெனவே ஒரு தடவை ஒளித்துப் பட்ட பாடு போதும். திரும்பி பஸ் ஏறிவிட்டேன்.

நாலு நாள் காத்திருந்தோம். அந்த நாலு நாளில் லாட்ஜ் எங்கள் சொந்த வீடு மாதிரி ஆகிவிட்டது. மின்விசிறிக்கு இரண்டே வேகம்தான்: நிற்கும், இல்லையென்றால் கூரையோடு பறக்கப் பார்க்கும். ஜோசப் கீழே வரவேற்பு மேசையில் உட்கார்ந்து நாயுடுவோடு அரசியல் பேசினார். இவர் மலையாளமும் சினிமாத் தமிழும், அவர் தமிழும் தெலுங்கும். ஒருவர் சொல்வது மற்றவருக்குப் பாதிதான் புரிந்தது, அதனால் சண்டை வரவில்லை.

அனிதாவைப் பற்றித்தான் எனக்குக் கவலை. வீட்டில் நாங்கள் மலையாளம், வெளியே ஜெர்மன். தமிழ் அவளுக்கு நான் தூங்கவைக்கும்போது பாடும் பாஷை, அவ்வளவுதான். கோட்டயத்தில் அவள் பேசிய மலையாளத்தைக் கேட்டு அத்தைமார்கள் சிரித்துச் சிரித்து விழுந்தார்கள். அதிலிருந்து வாயைத் திறக்கமாட்டேன் என்று இருந்தாள். மூன்றாம் நாள் காலை நான் குளித்துவிட்டு வருகிறேன், மாடிப்படியில் நின்று கீழே பார்த்துக் கத்துகிறாள்: "இன்னா சார், தண்ணி வுட்டாச்சா?"

நாயுடு கீழேயிருந்து, "வுட்டாச்சு பாப்பா, ஓடியா!" என்றார். யாரும் சிரிக்கவில்லை. அவளுக்கு அது ஒரு பெரிய விஷயம் என்று அவள் முகத்தில் தெரிந்தது.

(இதை எழுதும்போது பக்கத்தில் துணி துவைக்கும் இயந்திரம் ஓடுகிறது. அது நின்றதும் அனிதா சமையலறையிலிருந்து, "இன்னா, ஆச்சா?" என்று கேட்கிறாள். ஜெர்மனியில் ஆரணி ரோட்டுத் தமிழ் பேசும் ஒரே குழந்தை.)

என் அண்ணன் வந்தால் மேலே அனுப்பும்படி நாயுடுவிடம் தினமும் சொல்லிக்கொண்டிருந்தேன். பெயர் கேட்டார். வெள்ளையன் என்றேன்.

"வெள்ளையனா? மேடம், சி ஃபாரம் தீர்ந்துபோச்சே!" என்றார் கலவரத்தோடு.

5

நாலாம் நாள் காலை பத்து மணிக்கு ஒரு ஜீப் வந்து நின்றது. மலையில் புளிமூட்டை ஏற்றும் ஜீப். அதிலிருந்து ஆட்கள் இறங்கினார்கள், இறங்கினார்கள், இறங்கிக்கொண்டே இருந்தார்கள். மொத்தம் பதினொரு பேர். கடைசியாக ஒரு பலாப்பழமும் இறங்கியது. சாட்சி வேண்டும் என்ற சேதி மலை ஏறுவதற்குள் வளர்ந்து, குப்பு பிறந்ததே பொய் என்று கவர்மெண்ட்டு சொல்கிறது என்று ஆகிவிட்டதாம். நான் பிறந்ததை அறிந்த அத்தனை பேரும் கிளம்பிவிட்டார்கள். ஊர்க் கவுண்டரே முன் சீட்டில் வந்திருந்தார்.

அந்தப் பதினொரு பேரில் எல்லாருக்கும் பின்னால் அண்ணன். தலை நரைத்திருந்தது. தோளில் ஒரு துண்டு. நான் படியிறங்கி ஓடினேன். அவன் என்னைப் பார்த்தான், பிறகு எனக்குப் பக்கத்திலிருந்த தூணைப் பார்த்தான்.

"ஆபீசு எத்தினி மணிக்குத் தொறக்கும்னு கேளு" என்றான் ஊர்க் கவுண்டரிடம்.

"தொறந்துட்டாங்க அண்ணே" என்றேன் நான்.

"தொறந்துட்டாங்களாம்" என்று கவுண்டர் அவனுக்குச் சொன்னார். எனக்கும் அண்ணனுக்கும் நடுவில் ஒரு கை தூரம்தான் இருக்கும்.

அலுவலகத்தில் அத்தனை பேரையும் பார்த்து எழுத்தர் மிரண்டு போனார். "ஒருத்தர் போதும்மா, ஒருத்தர் போதும்" என்று மற்றவர்களை வராந்தாவில் உட்காரவைத்தார். அண்ணன் மேசைக்கு முன்னால் நின்றான். நான் அவனுக்குப் பக்கத்தில்.

"உங்க பேரு?"

"வெள்ளையன்."

"இந்தம்மா உங்க கூடப் பொறந்த தங்கச்சியா?"

அண்ணன் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்தான். எழுத்தர் நிமிர்ந்து பார்த்தார்.

"உங்களத்தான் கேக்கறேன். தங்கச்சியா, இல்லியா?"

"சொல்றேன் சாமி. அதுக்கு முன்னாடி அதுங்கிட்ட நான் ஒண்ணு கேக்கணும்" என்றான். பத்து வருஷத்தில் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தான். "குப்பு. மலையாளின்னு எழுதினியே, நான் இன்னான்னு நெனச்சுக்குவேன்னு தெரிஞ்சு எழுதினியா, தெரியாம எழுதினியா?"

தெரியாமல் என்று சொல்லியிருந்தால் அவன் ஏற்றுக்கொண்டிருப்பான். பத்து வருஷமாக எனக்கு நானே அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். மலையாளியை மலையாளி என்றேன், இதில் என் தப்பு என்ன என்று ஜோசப்பிடம்கூட வாதாடியிருக்கிறேன். ஆனால் கிழித்துப்போட்ட அந்த மூன்று தாள்களிலும் ஜோசப் என்ற பெயர் இருந்தது. நான்காவதில்தான் இல்லை.

"தெரிஞ்சுதான் அண்ணே எழுதினேன்" என்றேன். "நீ வேணாம்னு சொல்லிடுவியோன்னு பயம்."

எழுத்தர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அண்ணன் அவரைப் பார்த்துத் திரும்பினான்.

"எந்தங்கச்சிதான் சாமி. எங்கம்மா வயித்துல நாலாவது. புளி உலுக்கற மாசம், சந்த நாளு, உச்சி வெயில்ல பொறந்துச்சு. குப்பையில கெடத்தி எடுத்தவன் நானு."

எழுத்தர் தாளைத் திருப்பி வைத்து, மை டப்பாவை அவன் பக்கம் தள்ளினார். அண்ணன் அதைத் திரும்பத் தள்ளிவிட்டான்.

"பேனா குடுங்க" என்றான்.

முதியோர் பள்ளியில் கற்றுக்கொண்டானாம். ஒவ்வோர் எழுத்தாக, சொல்லிக்கொண்டே எழுதினான். கடைசிப் புள்ளியை வைக்கும்போது தாள் கிழிந்துவிடும் என்று பயந்தேன். "நாளைக்குக் காலையில வந்து வாங்கிக்கங்க" என்று சொல்லி எழுத்தர் மூக்கை உறிஞ்சினார்.

6

பிறகு எல்லாரும் லாட்ஜுக்கு வந்தார்கள். இரட்டைக் கட்டில் அறை. இரண்டு பேருக்கு மேல் தங்கக் கூடாது என்று கதவில் அச்சடித்து ஒட்டியிருந்தது. நாயுடு மேலே வந்து கதவைப் பார்த்தார், உள்ளே பார்த்தார், எண்ணத் தொடங்கி ஏழில் நிறுத்திக்கொண்டு, கீழேயிருந்து இன்னொரு பாய் எடுத்துவரப் போனார்.

ஜோசப் ஜன்னல் ஓரமாக நின்றார். பதினொரு பேரும் அவரைப் பார்த்தார்கள். அவர் அவர்களைப் பார்த்துச் சிரித்தார். ஊர்க் கவுண்டர்தான் பேச்சை ஆரம்பித்தார்.

"மாப்ளைக்கு எந்த மல?"

"எண்ட வீடு மலையிலல்ல. பக்கத்துலே... மலை உண்டு" என்றார் ஜோசப்.

"இன்னா வெளயும்?"

"ரப்பர், குருமிளகு. பின்னே சக்கை."

"சக்கையா? அது இன்னா?"

வார்த்தை தெரியாமல் ஜோசப் மூலையில் இருந்த பலாப்பழத்தைக் கையால் காட்டினார். எல்லார் முகமும் மலர்ந்தது. பழத்தை அறுக்க அரிவாள் யாரும் கொண்டுவரவில்லை. நாயுடு சமையல் கத்தி ஒன்று கொடுத்தார். அண்ணன் அதை வாங்கக் கை நீட்டுவதற்குள் ஜோசப் வாங்கிவிட்டார். தலைக்கு வைத்திருந்த தேங்காய் எண்ணெயை எடுத்துக் கையிலும் கத்தியிலும் பூசினார். தரையில் பேப்பரை விரித்து, சம்மணம் போட்டு உட்கார்ந்து, பழத்தை ஒரே வெட்டில் பிளந்தார். நடுத்தண்டைச் சீவினார். பேப்பரை உருட்டிப் பாலைத் துடைத்தார். சுளைகளை ஒரு நார்கூட ஒட்டாமல் பிரித்து அடுக்கினார். ஆய்வுக்கூடத்து வெள்ளைக் கோட்டில் ரத்தக் குழாய்களோடு நான் பார்த்துப் பழகிய அதே கை. முதல் சுளையை அண்ணனிடம் நீட்டினார்.

அண்ணன் வாங்கி, கொட்டையை எடுத்துவிட்டு, மெதுவாகத் தின்றான். அறை முழுக்க அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

"கையில பால் ஒட்டல பாரு" என்றான் ஊர்க் கவுண்டரிடம். "மலையாளிதான்."

சிரிப்புச் சத்தம் கேட்டு டயர் கடைக்காரர் ஜன்னலைப் பார்த்து, என்ன விசேஷம் என்று கேட்டார். அனிதா ஒரு சுளையை எடுத்து ஜன்னல் கம்பி வழியாக அவருக்குத் தூக்கிப் போட்டாள்.

7

மாலையில் ஜீப் மலைக்குத் திரும்பியது. காகிதம் வாங்க வேண்டும் என்று அண்ணன் மட்டும் எங்களோடு தங்கிவிட்டான். மறுநாள் காலை அதை வாங்கினோம். அதில் என் பெயரில் ஒரு எழுத்தைத் தப்பாக அடித்து, திருத்தி, திருத்தத்துக்கு மேல் முத்திரையும் குத்தியிருந்தார்கள். இப்போது அது இங்கே ஏதோ ஒரு மேசையில் இருக்கிறது. நகராட்சிக் கண்ணாடிக்காரர் அந்தத் திருத்தத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார் என்று நினைக்கிறேன்.

சந்தவாசல் பஸ்ஸுக்காக லாட்ஜ் வாசலில் நின்றோம். அண்ணன் என்னை மேலே வா என்று கூப்பிடவில்லை. நானும் வருகிறேன் என்று சொல்லவில்லை. என் பை மட்டும் கையில் இருந்தது, ஏன் எடுத்துக்கொண்டு வந்தேன் என்று எனக்கே தெரியாது. ஜோசப்பும் அனிதாவும் நாயுடுவோடு படியில் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஒண்ணு சொல்லட்டா குப்பு" என்றான் அண்ணன், ரோட்டைப் பார்த்துக்கொண்டே. "நீ நெஜத்த எழுதியிருந்தா நான் இன்னா பண்ணியிருப்பேன் தெரியுமா?"

"இன்னா பண்ணியிருப்ப?"

"கத்தியிருப்பேன். வாத்தியார வெச்சி நாலு பக்கம் திட்டி எழுதியிருப்பேன். ஒரு மூணு மாசம் மொறச்சிக்கினு இருந்திருப்பேன்." மூன்று விரலைக் காட்டினான். "அவ்ளோதான். மூணு மாசம்."

அவனுக்குக் கண் கலங்கியிருந்தது. லாரி கிளப்பிய புழுதி என்று சொல்லித் துண்டால் துடைத்துக்கொண்டான்.

பஸ் வந்தது. சந்தை நாள் கூட்டம், படி வரைக்கும் ஆள். நான் மலைத்து நின்றேன். அண்ணன் கூட்டத்தைப் பார்த்தான், ஜன்னலைப் பார்த்தான். தோளிலிருந்த துண்டை எடுத்து ஒரு ஜன்னல் வழியாக உள்ளே எறிந்தான். எறிந்துவிட்டு, வாசலில் நின்ற இரண்டு பேரை இடித்துத் தள்ளி ஏறினான். உள்ளே ஒரே கூச்சல். யாரோ அந்த இடத்தில் உட்காரப் போயிருக்கிறார்கள்.

"எழுந்திரு, எழுந்திரு! ஆளு வருது!" என்று அண்ணன் குரல் கேட்டது.

"யாருய்யா வருது?"

"எந்தங்கச்சி வருது. மாப்ள வர்றாரு, பாப்பா வருது. வூட்டுக்குப் போறோம்." ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான். "இன்னாடி நின்னுகினு இருக்க? அவங்களக் கூப்டு. ஏறு!"

கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தார். நான் திரும்பிக் கூப்பிடுவதற்குள் அனிதா என்னைத் தாண்டி ஓடி பஸ் படியில் ஏறிவிட்டிருந்தாள்.